நாவல்திடலுக்குக் கீழே ஒரு மலை

ஆறு கடலில் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால், வண்டலின் மேல் வண்டலாகப் படிந்து உண்டான நாவல்திடல் என்ற ஊரில், மருந்துக்குக்கூடக் கல் கிடையாது. நாயை விரட்ட வேண்டுமென்றால் களிமண் கட்டியைத்தான் எடுத்து எறிய வேண்டும், அதுவும் நாயின் முதுகில் பட்டு உடைந்து உதிர்ந்துவிடும், நாய் திரும்பிப் பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்பதுபோல அங்கேயே படுத்துக்கொள்ளும். அம்மியும் ஆட்டுக்கல்லும் மேற்கே கல் விளைகிற சீமைகளிலிருந்து வண்டியேறி வந்தவை. ஊர்ப் பெண்களில் பாதிப் பேரும் அப்படி வந்தவர்கள்தான், ஆகவே இரண்டையும் யாரும் குறைவாகப் பேசுவதில்லை.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. மற்ற ஊர்களில் ஒருவர் இறந்துபோனால் ஒரு கல்லை ஊன்றி, போனவரை அதில் அழைத்து உட்காரவைத்து, குளிப்பாட்டி, சோறு படைத்து, அழுது தீர்த்து, கருமாதியன்று அந்தக் கல்லைப் பிடுங்கித் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். நாவல்திடலில் விட்டுவிட்டால் அடுத்த சாவுக்குக் கல்லுக்கு எங்கே போவது? அதனால் எந்தக் காலத்திலோ எவரோ கொண்டுவந்த ஒரே ஒரு கருங்கல்லை, உரித்த தேங்காய் அளவுதான் இருக்கும், ஊரே பொதுவில் வைத்துக்கொண்டது. காரியம் முடிந்ததும் கல்லை ஆற்றில் ஒரு முக்கு முக்கி, விட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டு, துண்டுக்குள் சுருட்டிக் கரையேறி, மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் சாக்கில் கட்டிப் போட்டுவிடுவார்கள். பிறந்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகளும், ஒரே அடுப்பில் உலை வைக்க மறுத்த மாமியார் மருமகளும், செத்த பிறகு அந்த ஒரு கல்லுக்குள்தான் ஒடுங்கி உட்கார வேண்டியிருந்தது, அங்கே என்ன சண்டை நடக்கிறதோ என்று சிரித்துக்கொள்வார்கள்.

அந்தக் கல்லை ஊன்றாமல் நின்றுபோனது ஒரே ஒருத்திக்குத்தான். ஊர்க் குடிதண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிற உத்திராபதியின் மகள் செங்கமலம், வீட்டில் கமலி, பத்தொன்பது வயது. ஐப்பசி மாதத்து மழையில் ஒரு மத்தியானம் குடையை எடுத்துக்கொண்டு டைப்பிங் கிளாசுக்குப் போகிறேன் என்று புறப்பட்டவள் திரும்பி வரவில்லை. தெரு முடிகிற இடத்தில் வழி இரண்டாகப் பிரியும், இடது கைப் பக்கம் பஸ் ரோடு, வலது கைப் பக்கம் ஆற்று மதகு. அடைமழையில் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை, அவள் எந்தப் பக்கம் திரும்பினாள் என்று பார்த்தவர் யாருமில்லை. ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. பஸ் கண்டக்டரோ, ஒரு பெண் ஏறின மாதிரியும் இருந்தது, ஏறாத மாதிரியும் இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் ஏறிவிட்டாள் என்றார் உத்திராபதி. எங்கேயோ திருப்பூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்க்கிறாள், என்னவோ கோபம், ஒருநாள் இடுப்பில் பிள்ளையோடு வந்து நிற்பாள் என்றார். செத்துவிட்டாள் என்றாள் அவர் மனைவி தையல்நாயகி. "கல்லை ஊணுங்க, எம்புள்ளைக்கு ஒரு பிடி சோறு வைக்கணும், பசியோட அலையுறா" என்று வருஷா வருஷம் ஐப்பசியில் கேட்டாள். அவர் வருஷா வருஷம் மறுத்தார். ஒரே கூரைக்குக் கீழே ஒருவருக்கு மகள் உயிரோடு இருந்தாள், இன்னொருவருக்கு இறந்துபோயிருந்தாள், இரண்டு பேரும் ஒரே சட்டியில் சோறு தின்றுகொண்டு ஒன்பதாவது வருஷத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்த வருஷத்துச் சித்திரையில், அறுப்பு முடிந்து வயல் வெடித்துக் கிடந்தபோதுதான், பூமியைப் படம் பிடிக்கிறவர்கள் வந்தார்கள். நாலைந்து ஊர்களைத் தாண்டி நேர்கோடாகக் கம்பி இழுத்து, சாண் இடைவெளிக்கு ஒன்றாக இல்லாவிட்டாலும் எண்ணி மாளாத அளவுக்கு, குமிழ்க் கருவிகளை மண்ணில் குத்திவைத்தார்கள். பூமிக்குள் நடக்கிற சின்ன அசைவையும் அவை கேட்டுச் சொல்லுமாம். துளை போட்டு ஆழத்தில் வெடி வைப்பார்கள், வெடிச் சத்தம் கீழே போய் எதில் மோதுகிறதோ அதைத் தொட்டுத் திரும்பும், திரும்பி வருகிற சத்தத்தை வைத்துக் கீழே இருப்பதைப் படமாகப் போடுவார்கள். அந்த நேரத்தில் ஊர் அசையக் கூடாது. மோட்டாரை நிறுத்த வேண்டும், பஸ்ஸை நிறுத்த வேண்டும், உலக்கையைச் சுவரில் சாய்க்க வேண்டும், நடந்துகொண்டிருக்கிறவன் ஒரு காலைத் தூக்கியிருந்தால் அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அப்படியே நிற்க வேண்டும். இதற்குச் சிவப்புக் கொடி காட்டுகிற வேலை உத்திராபதிக்குக் கிடைத்தது.

படம் போடுகிறவர்களுக்கு எஸ்தர் என்ற திருநெல்வேலிப் பெண்தான் பெரிய அதிகாரி. சுள்ளென்ற வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு, உத்திராபதியை அண்ணாச்சி என்று கூப்பிட்டாள்.

"அடியில என்ன மேடம் தேடுறீங்க? எண்ணெயா?"

"இல்ல அண்ணாச்சி, பாறை. ஒங்க ஊரு வண்டலுக்கெல்லாம் கீழ, ரெண்டு மூணு கிலோமீட்டர் ஆழத்துல, பூமிக்கு அஸ்திவாரம் மாரி பழம்பாறை கெடக்கு. இருநூறு முந்நூறு கோடி வருசத்துப் பாறை. மரம் மட்டை, மீனு, பூச்சி எதுவுமே பொறக்குறதுக்கு முன்னாடி உள்ளது."

"எங்க ஊருலயா? கல்லா?" உத்திராபதிக்குச் சிரிப்பு வந்தது.

"கல்லு இல்ல, மலையே இருக்கு" என்று கணினியில் காட்டினாள். கறுப்புக் கோடுகள் மேற்கிலிருந்து தட்டையாக வந்து, நாவல்திடலுக்கு நேர் கீழே மேலெழும்பி ஒரு முதுகு போட்டு, கிழக்கே கடல் பக்கம் இறங்கின. நடுநடுவே மயிர் சிலிர்த்ததுபோலப் பொடிக் கோடுகள் இருந்தன. "இதுலாம் எரச்சல். ஆள் நடந்தது, மாடு நடந்தது, எல்லாத்தையும் கேட்டு வச்சிருக்கு. அதைக் கழிச்சு எடுத்தாத்தான் பாறை சுத்தமாத் தெரியும்" என்றாள்.

தங்கள் காலுக்குக் கீழே ஒரு மலை புதைந்து கிடக்கிறது என்ற செய்தி ஊருக்குள் வந்ததும் ஊர் நடையே மாறிவிட்டது. கல் உள்ள ஊர்களில் பெண் எடுத்தவர்கள் மாமனார் வீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்கள். மலை என்று இருந்தால் அதைச் சுற்ற வேண்டுமே என்று ஒருவர் கேட்க, அடுத்த பௌர்ணமிக்கு ஊர் எல்லையைச் சுற்றிக் கிரிவலம் வந்தார்கள், எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுவது என்று தெரியாமல் ஆளாளுக்குக் குனிந்து தரையைக் கும்பிட்டார்கள். அத்தனை காலமும் அந்த ஒரு கல்லுக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த தங்கள் பெரியவர்கள் உண்மையில் அந்த மலையில்தான் தாராளமாகக் குடியிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டபோது பல பேருக்கு நிம்மதியாக இருந்தது.

எஸ்தர் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு போன மறு வாரம், டீக்கடை பக்கிரிசாமி காலையில் அடுப்பு மூட்டிவிட்டு நின்றபோது, வெறும் தெருவில் ஒரு கால் சத்தமும் ஒரு கோல் சத்தமுமாக மாறி மாறி வந்து கடை வாசலில் நின்றது. ஆள் இல்லை. அந்த நேரத்துக்கு டீக்கு வருகிற ஒற்றைக்கால் ஆள் ஒருவர்தான், சின்னையா, அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. பக்கிரிசாமி ஒரு கிளாசில் டீ ஊற்றி, அவருக்குப் பிடித்தபடி சர்க்கரை தூக்கலாகப் போட்டு, பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சத்தம் எல்லா இடத்திலும் கேட்கத் தொடங்கியது. வெறுங்காலோடு நின்றால் போதும், தரைக்குள்ளிருந்து காலடிகள் வந்து உள்ளங்காலைத் தட்டின. வைகாசியில் ஒருநாள் நடுத்தெருவே அதிர்ந்தது, மேளச் சத்தமில்லாமல் ஒரு கல்யாண ஊர்வலம் முழுசாக நடந்துபோனது. அது நடவு மேஸ்திரி வீட்டுக் கல்யாணம் என்றும், சரியாக ஒன்பது வருஷத்துக்கு முந்தி இதே தேதியில் நடந்தது என்றும் கண்டுபிடித்தார்கள். உத்திராபதி எஸ்தருக்குப் போன் போட்டுக் கேட்டார். அவள், வெடிச் சத்தம் மூன்று செகண்டுக்குள் பாறையைத் தொட்டுத் திரும்பிவிடும் அண்ணாச்சி, காலடிக்கு எவ்வளவு நேரமாகும் என்று யாரும் கணக்குப் போட்டதில்லை என்றாள். இதற்குக் கணக்கு எதற்கு என்று தோன்றியது உத்திராபதிக்கு. வெடி ஓடிப்போய் ஓடி வருகிறது, காலடி நடந்துதானே போக வேண்டும், நடந்துதானே திரும்ப வேண்டும். முன்னெல்லாம் ஏன் கேட்கவில்லை என்றால், முன்னெல்லாம் நாவல்திடல் ஒரு நிமிஷம் சும்மா நின்று பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. வரப்புத் தகராறு ஒன்று, எவன் கால் எது வரைக்கும் நடந்தது என்று தரையே சொல்லிவிட்டதால், கோர்ட்டுக்குப் போகாமல் தீர்ந்தது. பக்கிரிசாமியின் ஒன்பது வருஷத்துப் பழைய காலடி ஒன்று மேலத்தெருவில் போகக் கூடாத ஒரு வீட்டுக்குள் போய், வெகுநேரம் கழித்து வெளியே வந்தது, அவர் சம்சாரம் அன்றைக்கு டீக்கடையில் ஒரு கிளாஸ் மிச்சம் வைக்கவில்லை. லாரி ஏறிக் கால் போன ஒருவன் சாயங்காலந்தோறும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, தான் ஓடி விளையாடிய சத்தத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தான். காலடி வருகிற வழியில் கட்டில் போடாமல், குப்பை கொட்டாமல், எதிரே வந்தால் ஒதுங்கி நிற்கவும் கற்றுக்கொண்டார்கள்.

உத்திராபதி வீட்டுக்குள் கமலி நடந்தாள்.

அவள் வலது கால் செருப்பின் வார் அறுந்துபோய் ஊக்குப் போட்டு வைத்திருந்தாள். புதுச் செருப்பு வாங்கித் தருகிறேன் என்றால் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்பா என்பாள். அதனால் இடது கால் டப்பென்று வைக்கும், வலது கால் சர்ரென்று இழுக்கும். காலையில் குழாயடிக்குப் போவாள், குடத்தோடு கனமாகத் திரும்புவாள், கொல்லைக்குப் போவாள், கோழியை விரட்டுவாள், கண்ணாடிக்கு முன்னால் நிற்பாள், நின்ற இடத்திலேயே ஒரு குதிகாலைத் தூக்கித் தூக்கித் தட்டுவாள். உத்திராபதி தொட்டி வேலைக்கு நேரத்துக்குப் போவதை விட்டுவிட்டு, சட்டையைக்கூடப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், ஊருக்குத் தண்ணீர் தாமதமாக வந்தது, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தையல்நாயகி முதலில் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒருநாள் அடுப்படியில் அவள் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கால் சர்ரென்று இழுத்து வந்து பக்கத்தில் நின்றது, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே என்ன வாசனை அடித்ததோ, இவள் தன்னையறியாமல் உள்ளங்கையில் இரண்டு சுண்டலை எடுத்து ஊதி நீட்டினாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

இப்படியே ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. மகள் தினம் தினம் வீட்டுக்குள் நடந்தாள், நடந்து நடந்து ஐப்பசியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள், தடுக்கிறவர் இல்லை. அந்தத் தேதிக்குப் பிறகு இந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேரின் பழைய காலடியைத் தவிர வேறெதுவும் கேட்கப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். வழி பிரிகிற இடத்தில் அவள் எந்தப் பக்கம் திரும்பினாள் என்பதும் அன்றைக்கு ஊருக்கே தெரிந்துவிடும். அதைப் பற்றி வாயைத் திறக்காமல் இரண்டு பேரும் பண்டிகைக்கு வீட்டை வெள்ளையடித்தார்கள்.

"மச்சான், நான் சொல்றதக் கேளு" என்றார் பக்கிரிசாமி. "அன்னிக்கி ரெண்டு பேரும் எஞ்சயாவது கோயிலுக்குக் கௌம்பிப் போயிடுங்க. கேக்காமயே இருந்துட்டா இருக்குறபடியே இருந்துட்டுப் போவுது."

"எதுக்குப் போவணும்? அவ பஸ் ரோட்டுக்குத்தான் போயிருக்கா. ஊரே கேக்கட்டும். நான் ஆத்துப் பக்கமா நிக்கிறேன், ஒரு சத்தம் வராது பாரு" என்றார் உத்திராபதி. அதைச் சொல்லும்போது அவர் குரல் ரொம்பப் பெரிதாக இருந்தது.

அன்றைக்கும் மழை. சொல்லிவைத்தாற்போல ஊர் வேலைக்குப் போகவில்லை. தெருவின் இரண்டு கோடியிலும் சிவப்புக் கொடி கட்டினார்கள். மோட்டார்கள் நின்றன, பக்கிரிசாமி அடுப்பை அணைத்தார், மாடுகளை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஓட்டிக் கட்டினார்கள். சாக்கையும் பாயையும் தலையில் போட்டுக்கொண்டு பெரியவர்கள், பெண்கள், குழந்தைகள் எல்லாரும் தெரு ஓரத்திலும் மதகு வரைக்கும் கரை ஓரத்திலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். இருமல் வந்தவர்கள் துணியை வாயில் வைத்துக்கொண்டார்கள். உத்திராபதி ஆற்றுப் பக்கம் திரும்புகிற வழியில் வெறுங்காலோடு போய் நின்றார்.

தையல்நாயகி ஒரு பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, அவர் நின்ற பக்கம் வராமல் இடது கைப் பக்கம் திரும்பினாள்.

"எஞ்ச போற?"

"நான் பஸ் ரோட்டுல உக்காந்துக்குறேன்" என்றாள். ஒன்பது வருஷமாகச் செத்துவிட்டாள், கல்லை ஊன்றுங்கள் என்று கேட்டவள், மகள் பஸ் ஏறியிருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்து இரண்டு கையையும் சேற்றில் பரப்பி வைத்தாள். உத்திராபதி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மத்தியானத்தில் வீட்டு வாசற்படியில் இருந்து அது புறப்பட்டது. டப், சர். டப், சர். உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக அதைத் தங்கள் காலில் வாங்கி அடுத்தவரைப் பார்த்தார்கள், பார்த்தவர் முகம் மாறியது, இப்படி முகம் முகமாக மாறிக்கொண்டே அவள் தெருவில் வந்தாள். வழி பிரிகிற இடத்தில் நின்றாள். அப்படித் திரும்பு தாயீ, அம்மா அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று உத்திராபதி வாய்க்குள் சொன்னார். அவளோ ஒன்பது வருஷத்துக்கு முந்தியே திரும்பிவிட்டவள்.

சர்ரென்று இழுத்த கால் அவர் காலுக்குக் கீழே வந்து, அவரைக் கடந்து, மதகுப் பக்கம் போனது. ஆற்றுக்குப் போகிறவர்கள் எல்லாம் சாகவா போகிறார்கள், தண்ணீர் பார்க்கப் போயிருப்பாள், பார்த்துவிட்டுத் திரும்புவாள் என்று சொல்லிக்கொண்டே அவர் கூடவே நடந்தார். அவள் மதகின் மேல் ஏறினாள். நடு மதகில் நின்றாள். அவரும் நின்றார். அடுத்த அடி முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை. வழுக்கினாளா, குதித்தாளா, குடை காற்றில் இழுத்ததா, என்ன குறை வைத்தோம், ஒன்றையும் பாறை சொல்லாது, அது வாங்கிக்கொண்டது காலடியை மட்டும்தான். உத்திராபதி அந்த இடத்தில் நின்று அடுத்த அடிக்காகக் காத்திருந்தார். தண்ணீர் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அவர் காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தார்.

இன்னொரு தரம் மிதித்தார். மதகிலிருந்து இறங்கி, அவள் வந்த தடத்தின் மேலேயே, இடதும் வலதுமாகத் தையதக்கா என்று மிதித்துக்கொண்டு வந்தார், பிள்ளையின் காலடி பஸ் ரோட்டுக்கு வரவே இல்லை என்பது அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று மிதித்தார். ஊர் ஒரு கணம் விழித்தது. முதலில் பக்கிரிசாமி எழுந்தார், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவரும் மிதித்தார். அதற்குள் பெண்கள் எழுந்துவிட்டார்கள், குழந்தைகள் குதித்தன, கால் போனவன் கோலால் தரையை அடித்தான், நாவல்திடல் முழுக்க மழையில் நின்று அழுதுகொண்டே சேற்றை மிதித்தது. அந்தச் சத்தம் கீழே போய், மலையைத் தொட்டு, இன்னும் ஒன்பது வருஷம் கழித்து ஒரு ஐப்பசியில் திரும்பி வரும், அப்போது இருக்கிறவர்கள் அது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

மிதித்து ஓய்ந்து, மூச்சு வாங்க உத்திராபதி பஸ் ரோட்டுக்கு வந்தார். தையல்நாயகி வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள், மழை அவள் முதுகில் வழிந்துகொண்டிருந்தது.

"ஏங்க, எதுக்கு ஆளாளுக்கு இப்புடிக் குதிக்கிறாங்க? செத்த சும்மா இருக்கச் சொல்லுங்களேன். அவ வர்ற நேரம், ஒண்ணும் காதுல விழல."

அவர் பாயில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வந்ததைச் சொன்னார். "தையலு, கல்ல எடுத்தாரச் சொல்லட்டுமா?"

"எந்தக் கல்லு?" என்றாள் அவள்.

கொடியை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அதுவரை நின்றிருந்த பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு வந்து, அவர்களைப் பார்த்துத் தயங்கி நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார், ஏறவும் இறங்கவும் யாரும் இல்லை, விசில் கொடுத்தார். தையல்நாயகி தலையை நிமிர்த்தி அது வளைவு திரும்புகிற வரைக்கும் பார்த்தாள், பிறகு உள்ளங்கையை மண்ணில் இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"இதுல இல்லங்க. அவ அடுத்த பஸ்சுக்குத்தான் வருவா."

"ஆமா" என்றார் உத்திராபதி.